அவங்கப்பனும் லேட்டாத்தான் பேசினான்

சென்னை ஐஐடியில் 2022-ல் தொடங்கிய சுதா கோபாலகிருஷ்ணன் மூளை ஆய்வு மையத்தைப் பற்றிப் பேப்பரில் பார்த்திருப்பீர்கள். பிறக்காமல் போன சிசுக்களின் மூளையை மெல்லிய படலங்களாகச் சீவி, ஒவ்வொன்றையும் படமெடுத்து, 2024 டிசம்பரில் ஒரு வரைபடத் தொகுப்பாக வெளியிட்டார்கள். பெயர் ‘தரணி’. மொத்தம் 5,132 படலங்கள். கர்ப்பத்தின் நடு மூன்று மாதங்களில் மூளை எப்படி உருவாகிறது என்பதை உலகத்தில் யார் வேண்டுமானாலும் காசில்லாமல் கம்ப்யூட்டரில் பார்க்கலாம். எஃப்.எம்.பி. ஸ்கெட்ச் பார்த்தே பாதி ஆயுளைக் கழித்த எனக்கு, மூளைக்கும் ஒரு புலப்படம் வந்ததில் தனி சந்தோஷம்.

மூளை வளர்வது கர்ப்பத்தோடு முடிவதில்லை. பிறந்த முதல் சில வருஷங்களில்தான் அது வேகமாக வளர்கிறது. அந்த வருஷங்களில் நம்மூர்க் குழந்தைகள் யாரிடம் இருக்கின்றன? விடியுமுன்னே தோட்டத்து ஜீப்புகள் போடிமெட்டு ஏறிவிடும். பூப்பாறைப் பக்கம் ஏலக்காய் எடுக்கப் போன தாய் பொழுது சாயத்தான் திரும்புவாள். பகலெல்லாம் பிள்ளை அப்பத்தாவிடமோ அம்மாச்சியிடமோதான். அதாவது நம் வயதுக்காரர்களிடம்.

எங்கள் தெருவில் ஒரு பையன். மூன்று வயதாகியும் ‘அம்மா’ என்றுகூடச் சொல்லவில்லை. “அவங்கப்பனும் லேட்டாத்தான்யா பேசினான்” என்பார் அம்மாச்சி. வசம்பு உரைத்து நாக்கில் தடவியாயிற்று. தீபாவளிக்கு முதுகுக்குப் பின்னால் அணுகுண்டு வெடித்தபோது பையன் திரும்பவேயில்லை. “எம்பேரன் எதுக்கும் பயப்பட மாட்டான்” என்று பெருமைப்பட்டார். எனக்கு அப்போதுதான் சுருக்கென்றது.

பிரெஞ்சில் குழந்தையை ‘ஆன்ஃபான்’ என்பார்கள். அதன் லத்தீன் மூலத்துக்கு ‘பேசாதது’ என்று பொருள் என்று புதுச்சேரிப் பள்ளியில் வாத்தியார் சொல்லித் தந்தார். பேசாததற்குக் காது காரணமாக இருக்கலாம் என்று எந்த மொழியிலும் எனக்கு யாரும் சொல்லித் தரவில்லை. மூளையில் சத்தத்துக்கென்று இருக்கும் பகுதி, சத்தம் வராவிட்டால் சும்மா காத்திருப்பதில்லை. பார்வை போன்ற வேறு வேலைகள் அந்த இடத்தை மெல்லப் பிடித்துக்கொள்கின்றன. பத்து வயதில் கருவி வைத்தால் சத்தம் கேட்கும், சொல்லாகப் பிடிபடுவது கஷ்டம். முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டத்தில் காக்ளியர் ஆபரேஷனுக்கு 6 வயது என்று வரம்பு வைத்திருப்பது இதனால்தான். வெளியே செய்தால் பல லட்சம். குடும்ப வருமானம் ஆண்டுக்கு 1,20,000 ரூபாய்க்குள் இருந்தால் திட்டத்தில் சேரலாம்.

2013-லிருந்து மத்திய அரசின் குழந்தைகள் நலத் திட்டத்தில் மருத்துவக் குழு வருஷத்துக்கு இரண்டு தரம் அங்கன்வாடிக்கு வந்து பிள்ளைகளைப் பார்க்கிறது. பிறவிக் குறை, வளர்ச்சித் தாமதம் எல்லாம் அதில் அடக்கம். ஆனால் இந்தப் பையன் அங்கன்வாடிக்கே போனதில்லை. மற்ற பிள்ளைகள் கேலி செய்யும் என்று அம்மாச்சி அனுப்பவில்லை. பாசம்தான், வேறென்ன.

அவன் அம்மா தாய்மாமனைக் கட்டியவள். சொந்தத்தில் கட்டினால் பிறவியிலேயே காது கேளாமை வரும் வாய்ப்பு கூடும். இதை நம் பக்கத்துக் கல்யாண வீட்டில் சொல்லிப் பாருங்கள், பந்தியில் இலை கிடைக்காது.

மதுரையில் பெரா பரிசோதனை எடுத்தார்கள். இரண்டு காதும் கேட்கவில்லை. முதலில் மாட்டிய காது மிஷினால் பலனில்லை என்று ஆன பிறகு, ஆபரேஷனுக்கு எழுதிக் கொடுத்தார்கள். வருமானச் சான்று, ரேஷன் கார்டு, ஆதார் எல்லாம் நான் சரிபார்த்துக் கொடுத்தேன். பழைய தொழில். முதலெழுத்து ஒன்றில் ‘கே’, இன்னொன்றில் ‘எம்’. அதைத் திருத்தவே மூன்று வாரம்.

இப்போது தேதி கிடைத்திருக்கிறது. ஆபரேஷன் முடிந்தால் உடனே பேசிவிட மாட்டான், ஒரு வருஷமாவது பேச்சுப் பயிற்சிக்குக் கூட்டிப் போக வேண்டும். அம்மா போனால் அன்றைய கூலி போய்விடும். “நாங் கூட்டிட்டுப் போறேன்” என்று அம்மாச்சியே சொல்லிவிட்டார். அங்கே சொல்லித் தருவதை வீட்டில் நாள் முழுக்க அவனிடம் பேசப்போவது அவர்தானே.