மூணாவது குரூப்பு

சாதி எங்கெங்கே நிக்குதுன்னு நம்ம எழுத்துல நிறையப் பதிவு பண்ணியாச்சு. டீக்கடை, கோயில் வாசல், கிணத்தடி, சுடுகாட்டுப் பாதை எல்லாம் வந்திருக்கு. பதினொண்ணாம் வகுப்புச் சேர்க்கை நடக்குற மேசையைப் பத்தித்தான் அவ்வளவா யாரும் எழுதல. கத்தி இல்ல, ரத்தம் இல்ல, கெட்ட வார்த்தைகூட இல்ல. ஒரு பேனா, ஒரு ரிஜிஸ்டர், அஞ்சு நிமிசம். அந்த அஞ்சு நிமிசத்துல ஒரு பிள்ளையோட நாப்பது வருசம் முடிவாயிரும்.

தமிழ்நாட்டுல பி.யூ.சி. போயி 1978ல மேல்நிலைக் கல்வி வந்துச்சு. கல்லூரியில ஒரு வருசமா இருந்த படிப்பு, பள்ளிக்கூடத்துல ரெண்டு வருசமாச்சு. பக்கத்து டவுன்லயே பிளஸ் டூ படிக்கலாம்னு ஆனதால எங்க சனத்துல கொஞ்சப் பேர் மேல வந்தாங்க. அதை மறுக்க முடியாது. ஆனா யாருக்கு எந்த குரூப்புன்னு பிரிக்கிற அதிகாரமும் உள்ளூர்ப் பள்ளிக்கூடத்துக்கு வந்துச்சு. உள்ளூர்ப் பள்ளிக்கூடம்னா உள்ளூர்ச் சாதிதானே. கணக்கும் உயிரியலும் முதல் குரூப்பு. கணக்கோட கம்ப்யூட்டர் சயின்ஸ் சேர்ந்தா அதுவும் பெரிய இடத்துக் குரூப்பு. வரலாறு, பொருளாதாரம், வணிகவியல் மூணாவது குரூப்பு. கடைசியில தொழிற்பிரிவு. வளவுல இருந்து வர்ற பிள்ளைகளுக்கு மூணாவதும் தொழிற்பிரிவும்தான்னு யாரும் சட்டம் போடல. ஆனா எங்க அக்கா, பெரியப்பா மக, எதிர்வீட்டுப் பையன், அத்தனை பேரும் மூணாவது குரூப்பு. வரலாறு மட்டமான பாடம்னு நான் சொல்ல வரல. நம்ம வரலாறை நாமதான் படிக்கணும். ஆனா அது நாம எடுத்த பாடமா, நம்ம தலையில கட்டுன பாடமாங்கறதுதான் கேள்வி.

நான் கொங்குப் பக்கம். அருந்ததியர். வீட்டுல தெலுங்கு, வெளியில தமிழ். எங்க அம்மா பேரூராட்சியில துப்புரவு வேலை. 2007 ஏப்ரல்ல பத்தாவது எழுதி, ஐநூறுக்கு 412 வாங்கினேன். எங்க வளவுல அதுக்கு முன்னாடி நானூறைத் தாண்டுன ஆள் கிடையாது. கணக்குல 94. கம்ப்யூட்டர் சயின்ஸ் குரூப்பு வேணும்னு பாரத்துல எழுதிக் குடுத்தேன். ஏன் கம்ப்யூட்டர்னு கேட்டா பெரிய கனவெல்லாம் இல்ல. ரேசன் ஆபீஸ், பஞ்சாயத்து ஆபீஸ், பேங்கு, எங்க போனாலும் ஒரு கம்ப்யூட்டர் வந்து உக்காந்திருந்துச்சு. அதுக்குப் பின்னாடி உக்காந்திருக்கிறவங்க எங்க அம்மாவை நிக்க வச்சே பேசினாங்க. அந்தப் பக்கம் போய் உக்காரணும்னு தோணுச்சு. அவ்வளவுதான்.

அம்மா வேலைச் சேலையோடவே பள்ளிக்கூடத்துக்கு வந்துச்சு. தலைமையாசிரியர் நிமிந்து பாக்காமலே பேசினார்.

"உம் பொண்ணுக்கு எதுக்கும்மா கம்ப்யூட்டரு? கணக்கு வராம நடுவுல நின்னு போயிரும். மூணாவது குரூப்புல போடறேன். நல்லாப் படிச்சா கலெக்டரே ஆகலாம்."

"ஏனுங்க சார், கணக்குல தொண்ணூத்தி நாலு வாங்கியிருக்குதுங்க. அது பத்தாதுங்களா?"

"எடம் இல்லம்மா. சொன்னாக் கேளு."

எங்களுக்குப் பின்னாடி ஊர்த்தெருவுல இருந்து ஒருத்தர் பையனோட வந்தார். "வாங்க, உக்காருங்க"ன்னு நாற்காலி வந்துச்சு. அந்தப் பையன் என் வகுப்புதான். அவன் மார்க்கு 371. அவனுக்கு எடம் இருந்துச்சு.

எங்க மாமா ஒருத்தர் அமைப்புல இருந்தார். அவர் சண்டைக்குப் போகல. 2005ல தகவல் அறியும் உரிமைச் சட்டம் வந்திருந்த புதுசு. ஒரு வெள்ளைத்தாள்ல மூணே கேள்வி எழுதினார். கம்ப்யூட்டர் சயின்ஸ் பிரிவுல எத்தனை இடம்? சேர்க்கப்பட்டவங்க பத்தாம் வகுப்பு மதிப்பெண் என்ன? அதுல ஆதிதிராவிடர் எத்தனை பேர்? பத்து ரூபாய்க்கு கோர்ட் பீஸ் ஸ்டாம்பு ஒட்டி ரிஜிஸ்தர் தபால்ல அனுப்பினார். பதில் இன்னிக்கு வரைக்கும் வரல. ஆனா தபால் போன நாலாம் நாள் ஆளனுப்பி என்னைக் கூப்பிட்டு குரூப்பு குடுத்தாங்க. எங்க அம்மா எழுதப் படிக்கத் தெரியாது. "ஒரு காயிதத்துக்கு இவ்வளவு பயமா கண்ணு?"ன்னு கேட்டுச்சு. காகிதத்துக்குப் பயப்படல. மார்க்குகளைப் பக்கத்துல பக்கத்துல வச்சுப் பாக்கறதுக்குத்தான் பயந்தாங்க. தகுதி தகுதின்னு நம்மகிட்ட பேசுறவங்க, தகுதிப் பட்டியலைச் சுவத்துல ஒட்டச் சொன்னா மட்டும் ஒளிக்கிறாங்க.

உள்ள போனா, அங்க ஒரு தனி உலகம். வகுப்புல 54 பேர். ஆய்வகத்துல 12 கம்ப்யூட்டர், அதுல ஓடுனது 7. ரெண்டு பேட்சாப் பிரிச்சாலும் ஒரு மிஷினுக்கு நாலு பேர். செருப்பை வெளியில கழட்டிட்டுப் போகணும். சாருக்கு ஒப்பந்த வேலை, சம்பளம் மாசம் தவறித்தான் வரும். அவர் மேல எனக்குக் கோவம் பாதி, பரிதாபம் பாதி. யார் கீபோர்டுல உக்காரணும், யார் பின்னாடி நின்னு பாக்கணும்னு அவர் வாயைத் திறந்து சொன்னதில்ல. சொல்லாமலே அது நடந்துச்சு. நாற்காலியில உக்காந்தது ஊர்த்தெரு. பின்னாடி நின்னது நாங்க மூணு பேர். வாரத்துல ஒரு நாள் ஆய்வகத்தைக் கூட்டுறதும், கம்ப்யூட்டர் மேல போட்ட துணியை உதறி மடிக்கிறதும் எங்க வேலை. தூசி தட்டும்போது அத்தனை கீபோர்டையும் தொடலாம். வகுப்பு ஆரம்பிச்சா, "கையைக் கழுவிட்டு வந்தியா?"ன்னு கேள்வி. அந்தக் கேள்வியை வேற யார்கிட்டயும் கேட்டு நான் பாத்ததில்ல.

கம்ப்யூட்டருக்குச் சாதி தெரியாதுன்னு நிறையப் பேர் மேடையில பேசுறாங்க. வாஸ்தவம்தான். கம்ப்யூட்டர் இருக்கிற அறையோட சாவிக்குத் தெரியுமே.

மிஷின் கிடைக்காததால ராத்திரி விடுதியில நானும் இன்னொரு பிள்ளையும் பழைய காலண்டர்த் தாளோட பின்பக்கத்துல புரோகிராம் எழுதி, கையாலயே ஓட்டிப் பாப்போம். கட்டம் போட்டு, மாறிலி எது, மாறி எது, ஒவ்வொரு சுத்துக்கும் மதிப்பு என்னன்னு எழுதிக்கிட்டே போறது. ஒண்ணுல இருந்து பத்து வரைக்கும் கூட்டினா 55. அஞ்சோட தொடர்பெருக்கம் 120. இப்பிடியே எட்டு வரைக்கும் போனோம். 40320 வந்துச்சு.

ஒருநாள் பெரிய லீவுக்கு முன்னாடி ஆள் குறைச்சலா இருந்தப்ப எனக்கு நாற்காலி கிடைச்சுது. நீலத்திரை டர்போ சி++. எட்டுன்னு குடுத்து ஓட்டினேன். விடை மைனஸ் 25216ன்னு வந்துச்சு. திரும்பத் திரும்ப அதேதான். பக்கத்துல இருந்தவங்க, "நீ புரோகிராமைத் தப்பா அடிச்சிருப்பே"ன்னாங்க. ஏழுக்கு 5040ன்னு சரியா வருது, எட்டுக்கு மட்டும் எப்பிடித் தப்பாகும்? சாருக்கும் சொல்லத் தெரியல. நான் விடுதிக்கு வந்து புத்தகத்தைப் புரட்டினேன். 'இன்ட்'ங்கற தரவினத்துக்கு மைனஸ் 32768ல இருந்து 32767 வரைக்கும்தான் இடம்னு ஒரு அட்டவணையில போட்டிருந்துச்சு. பதினாறு பிட்டு, அதாவது 65536 மதிப்பு. 40320 அதுக்குள்ள அடங்காம மறுபக்கம் போய் விழுந்திருக்கு. 40320ல 65536ஐக் கழிச்சுப் பாத்தேன். மைனஸ் 25216. சரியா அதே எண். 'லாங்'னு மாத்திப் போட்டா சரியாயிருச்சு.

ரெக்கார்டு நோட்டைப் பாத்துப் பாத்து எழுதுனவங்க அஞ்சோட நிறுத்திக்கிட்டாங்க. அவங்களுக்கு மிஷின் சொன்னதுதான் விடை. எங்ககிட்ட மிஷினோட ஒப்பிட்டுப் பாக்க எங்க கணக்கு ஒண்ணு இருந்துச்சு. இதை நான் பெருமைக்காகச் சொல்லல. வறுமை அறிவைக் குடுக்கும்னு சொல்றவங்களை நம்பாதீங்க. அந்த நாற்காலி வாராவாரம் கிடைச்சிருந்தா ரெண்டு வருசத்துல நாங்க எங்கயோ போயிருப்போம். கணக்கு வராதுன்னு சொன்னாரே, அந்தப் பேச்சுக்கு மட்டும் இந்த எண்ணைப் பதிலா வைக்கிறேன்.

பாடப்புத்தகத்தைப் பத்தியும் ஒண்ணு சொல்லணும். பிளஸ் டூவுல ரெண்டு தொகுதி. ஒண்ணு ஸ்டார் ஆபீஸ், இன்னொண்ணு சி++. தமிழ்வழிப் புத்தகத்துல 'கிளாஸ்'ங்கற சொல்லுக்கு 'இனக்குழு'ன்னு போட்டிருந்தாங்க. ஒரு இனக்குழுவுல இருந்து இன்னொண்ணு பிறக்கிறதுக்கு 'மரபுரிமம்'. உறுப்புகள்ல பப்ளிக், பிரைவேட், புரொடெக்டெட்னு மூணு வகை. அடிப்படை இனக்குழுவுல பிரைவேட்டா இருக்கிறதைத் தருவிக்கப்பட்ட இனக்குழு நேரா எடுத்துக்க முடியாது. வாரிசுதான், ஆனா தொட முடியாது. வகுப்பே இதைப் புரியாம முழிச்சப்ப நாங்க மூணு பேரும் ஒருத்தரை ஒருத்தர் பாத்துச் சிரிச்சோம். ஊர்ப் பொதுக் கிணறு, ஊர்ப் பொதுக் கோயில், ஊர்ப் பொதுச் சாவடின்னு கேட்டு வளந்த எங்களுக்கு எது பப்ளிக், எது பிரைவேட்னு தனியா விளக்கணுமா? பின்னாடி அம்பேத்கரைப் படிச்சேன். 1916லயே கொலம்பியா பல்கலைக்கழகத்துல, வர்க்கம் தன்னைச் சுத்திக் கதவை அடைச்சுக்கிறதுதான் சாதிங்கற மாதிரி விளக்கியிருக்கார். அதே 'கிளாஸ்'. அவர் பேசுனது எங்க ஆய்வகத்துக்குள்ள நடந்துக்கிட்டிருந்துச்சு.

2009 மார்ச்சுல பரீட்சை. கம்ப்யூட்டர் சயின்ஸ் எழுத்துக்கு 150, செய்முறைக்கு 50. எழுத்துல பாதி, 75 மார்க்கு, ஒரு மதிப்பெண் கேள்வி. அதை மனப்பாடம் பண்ண வைக்கிறதுதான் பள்ளிக்கூடத்தோட முழுப் பாடமும். எனக்கு இருநூறுக்கு 189 வந்துச்சு. அப்பத்தான் யாரும் எங்களுக்குச் சொல்லாத ஒரு சங்கதி தெரிஞ்சுது. பொறியியல் கட்-ஆஃப்ல கம்ப்யூட்டர் சயின்ஸ் மார்க்கைச் சேக்கவே மாட்டாங்க. கணக்கு நூறுக்கு, இயற்பியல் ஐம்பதுக்கு, வேதியியல் ஐம்பதுக்கு, ஆக இருநூறு. உயிரியல் படிச்ச பிள்ளையும் கம்ப்யூட்டர் பொறியியலுக்குப் போகலாம். அப்ப அந்தக் குரூப்புல எதுக்கு அவ்வளவு கெடுபிடி? கணக்குங்கற பாதையை அடைக்கிறதுதான் உண்மையான காரியம். மூணாவது குரூப்புல கணக்கு கிடையாது. கணக்கு இல்லைன்னா கட்-ஆஃபே கிடையாது. பதினஞ்சு வயசுல அந்த மேசையில அடைச்ச கதவை எந்த இடஒதுக்கீடும் பதினேழு வயசுல வந்து திறக்க முடியாது. ஒதுக்கின இடம் காலியாக் கிடந்தா, "அவங்க வரலை, நாங்க என்ன பண்ண?"ன்னு சொல்லிருவாங்க.

நான் தப்பிச்சதுக்கு அந்த வருசமும் ஒரு காரணம். 2009 ஏப்ரல் கடைசியிலதான் பதினெட்டு சதவீதத்துக்குள்ள அருந்ததியருக்கு மூணு சதவீத உள்ஒதுக்கீடு நடைமுறைக்கு வந்துச்சு. அந்த மூணுல ஒரு இடத்துலதான் நான் பொறியியல் படிச்சேன். இதைச் சொல்ல எனக்குக் கூச்சம் இல்ல. நம்ம சகோதர சாதிகள்ல சிலருக்கு இந்த உள்ஒதுக்கீடு மேல வருத்தம் உண்டுன்னு தெரியும். 2024 ஆகஸ்ட் 1ஆம் தேதி உச்ச நீதிமன்றத்தோட ஏழு நீதிபதிகள் அமர்வு உள்ஒதுக்கீடு செல்லும்னு சொல்லிருச்சு. ஆனா தீர்ப்பைக் காட்டி வாயடைக்கிறதை விட, உக்காந்து பேசறதுதான் நமக்கு நல்லது. மூணு சதவீதத்துக்குள்ள வர்றதுக்கே எங்க பிள்ளைகளுக்குக் கணக்குப் பாடம் வேணும். உங்க பிள்ளைகளுக்கும் அதேதான் வேணும். மேசையில உக்காந்திருக்கிறவர் ரெண்டு பேரையும் ஒண்ணாத்தான் பாக்குறார்.

இப்ப நிலைமை மாறலையான்னு கேட்டா, மாறியிருக்கு. 2011ல இலவச மடிக்கணினி வந்துச்சு. என் தம்பிக்குக் கிடைச்சது. எங்க வளவுல நாற்காலிக்குக் காத்திருக்காம ஒரு பையன் தொட்ட முதல் கம்ப்யூட்டர் அதுதான். 2021ல அரசுப் பள்ளி மாணவருக்குத் தொழிற்கல்வியில ஏழரை சதவீத ஒதுக்கீடு வந்துச்சு. 2018ல புதுப் பாடத்திட்டம் வந்து, இப்ப பிளஸ் டூவுல பைத்தான் நடத்துறாங்க. அதே சமயம் கம்ப்யூட்டரும் மூணாப் பிரிஞ்சிருச்சு. கணக்குக் குரூப்புக்குக் கணினி அறிவியல், வணிகவியலுக்குக் கணினிப் பயன்பாடுகள், தொழிற்பிரிவுக்குக் கணினித் தொழில்நுட்பம். ஒரே மிஷின், மூணு படி. எந்தப் படியில யார் உக்காந்திருக்காங்கன்னு ஒவ்வொரு பள்ளிக்கூடத்துலயும் எண்ணிப் பாக்கணும். ஆய்வுப் படிப்பு படிக்கிற தோழர்கள் யாராவது இதை எடுத்துச் செய்யலாம்.

நான் சென்னையில மென்பொருள் வேலையில இருக்கேன். லீவுக்கு ஊருக்குப் போகும்போது வளவுப் பிள்ளைகளுக்கு, அந்தக் காலண்டர்த்தாள் கட்டத்துல இருந்துதான் ஆரம்பிக்கிறேன். மே மாசம் முடிவு வந்த உடனே நானும் மாமாவும் நாலு வீட்டுக்குப் போறோம். பாரத்துல குரூப்புப் பேரை பேனாவுல எழுதச் சொல்றோம், பென்சில்ல வேண்டாம்னு. அதுக்கு ஒரு ஜெராக்ஸ் எடுத்து வைக்கச் சொல்றோம். எடம் இல்லைன்னு சொன்னா எழுத்துல கேளுங்கன்னு சொல்றோம். போன வருசம் ரெண்டு பிள்ளைகளுக்குக் கணக்குக் குரூப்பு கிடைச்சுது, ஒரு பிள்ளைக்குக் கிடைக்கல. அந்த ஒண்ணுக்காக மனு இன்னும் நடந்துக்கிட்டிருக்கு.

இதைப் படிக்கிற தோழர்கள் ஒரு காரியம் செய்யுங்க. ஜூன் மாசம் உங்க ஊர்ப் பள்ளிக்கூடத்துக்குப் போங்க. எந்தக் குரூப்புல யார் யார், என்ன மார்க்குன்னு பட்டியலைச் சுவத்துல ஒட்டச் சொல்லிக் கேளுங்க. கூட்டமெல்லாம் வேண்டாம். வளவுல இருந்து ஒரு அம்மாவும், கூட ஒரு வெள்ளைத்தாளும் போதும்.