கமராவின் கண்ணில் விழும் தூசி

ஹட்டனிலிருந்து செய்தி அனுப்பும் இளம் நிருபர் ஒருவர் அண்மையில் என்னிடம் கேட்டார்: "சேர், எந்தப் படம் எடுத்தாலும் வானத்துல ஒரே இடத்துல கறுப்புப் புள்ளி விழுது. கம்பியூட்டர்ல அழிச்சிட்டு அனுப்புறேன். பரவாயில்லையா?" அவருக்குச் சொன்ன பதிலைச் சற்று விரித்து இங்கே எழுதுகிறேன். தோட்டப்புறங்களில் கமராவுடன் திரியும் ஏனையோருக்கும் பயன்படக்கூடும்.

பிலிம் காலத்தில் எமக்கு இந்தத் தொல்லை பெரிதாக இருக்கவில்லை. ஒவ்வொரு படத்துக்கும் புதிய துண்டு வந்து நிற்கும். விழுந்த தூசி பழைய துண்டோடு நகர்ந்துவிடும். டிஜிட்டல் கமராவின் சென்சர் அப்படி நகர்வதில்லை. தூசியை அகற்றும்வரை எல்லாப் படங்களிலும் அதே இடத்தில் நிழல் விழும். தூசி படிவது சென்சருக்கு முன்னாலுள்ள மெல்லிய வடிகட்டிக் கண்ணாடியின் மீது. அதனால் எஃப்/2.8 அளவில் லென்ஸின் துவாரத்தை அகலத் திறந்து லயன் அறைக்குள் எடுக்கும் படத்தில் புள்ளி கரைந்துவிடும். எஃப்/16 அளவில் மலைச்சரிவை எடுத்தால் பளிச்சென்று தெரியும். அதிலும் நுவரெலியாவின் பனிமூட்டம் விரித்து வைத்த வெள்ளைத் துணியைப் போன்றது. எந்தக் கறையும் அதில் ஒளிய முடியாது.

இதற்கு மேல், தோட்டத்து மக்கள் "ஸ்டோர்" என்று சொல்லும் தேயிலைத் தொழிற்சாலை இருக்கிறது. தேயிலையைச் சலித்துத் தரம் பிரிக்கும் அறையில், கொழுந்தின் நுண்ணிய மயிர்கள் பஞ்சு போலக் காற்றில் மிதக்கும். தேயிலைத் தரங்களில் ஒன்றுக்கே "டஸ்ட்" என்றுதான் பெயர்! அந்த அறையில் லென்ஸைக் கழற்றுவது தூசியை விருந்துக்கு அழைப்பதாகும்.

இனி நிருபரின் கேள்விக்கு வருவோம். சென்சர் தூசியின் அடையாளத்தைக் கணினியில் அழிப்பதை அசோசியேட்டட் பிரஸ் நிறுவனத்தின் விதிகளே அனுமதிக்கின்றன. ஆனாலும் 2006 ஓகஸ்டில் நடந்ததை மறக்கலாகாது. பெய்ரூட் நகரின் மீது எழுந்த புகையைப் பெருக்கிக் காட்டிய படமொன்று ரொய்ட்டர்ஸ் ஊடாக வெளிவந்தது. அதை எடுத்த அத்னான் ஹஜ் சொன்ன விளக்கம், தூசி அடையாளங்களை அகற்ற முயன்றேன் என்பதே. ரொய்ட்டர்ஸ் அவருடனான தொடர்பைத் துண்டித்தது. அவருடைய 920 படங்களையும் விற்பனையிலிருந்து நீக்கியது.

அழிக்கும் கருவி, அருகிலுள்ள பகுதியைப் பிரதிசெய்து புள்ளியின் மேல் ஒட்டுகிறது. மலைச்சரிவுப் படத்தில் தெரியும் மெல்லிய கோடு கண்ணாடியில் ஒட்டிய நாரா, நிலத்தில் விழுந்த வெடிப்பா? 2014 ஒக்டோபர் 29 அன்று மீரியபெத்தையில் லயன்கள் மண்ணுக்குள் புதைந்ததைக் கண்ட மலையகத்தில் இந்தக் கேள்விக்கு உயிரின் பெறுமதி உண்டு. ஆகவே படத்தைத் துலக்குவதிலும் கமராவைத் துலக்குவதே மேல்.

முதலில் சோதனை. எஃப்/16 அல்லது எஃப்/22 வைத்து, குவியத்தைக் கலைத்து, வானத்தையோ வெள்ளைத் தாளையோ எடுத்துப் பெரிதாக்கிப் பாருங்கள். படத்தின் மேற்பகுதியில் தெரியும் புள்ளி, முன்னாலிருந்து பார்க்கையில் சென்சரின் கீழ்ப்பகுதியில் இருக்கும். இடம் வலம் மாறாது.

அடுத்து, கமராவிலேயே உள்ள அதிர்வுச் சுத்திகரிப்பை இயக்குங்கள். 2003 இல் ஒலிம்பஸ் இ-1 கொண்டுவந்த இந்த வசதி இன்று பெரும்பாலான கமராக்களில் உண்டு. அதற்கும் அசையாவிட்டால், பற்றரியை முழுமையாக ஏற்றிக்கொண்டு, கையால் துப்புரவு செய்யும் முறையைத் தெரிவுசெய்யுங்கள். இடையில் மின்சாரம் தீர்ந்தால் ஷட்டர் மூடிக்கொண்டு சேதமாகும். கமராவின் வாயைக் கீழ்நோக்கிப் பிடித்து, இறப்பர் ஊதுகுழலால், அதன் நுனி உள்ளே படாமல், ஊதுங்கள். பெரும்பாலான தூசி இதிலேயே விழுந்துவிடும்.

வாயால் ஊதாதீர்கள், எச்சில் தெறிக்கும். டப்பாவில் அடைத்த காற்று திரவத்தையும் கக்கும். டயருக்குக் காற்றடிக்கும் குழாயில் எண்ணெயும் நீரும் கலந்திருக்கும். காது குடையும் பஞ்சுக் குச்சி நாரை விட்டுச் செல்லும்.

ஈரக் காற்றில் ஒட்டிப்போன தூசிக்கு மட்டுமே ஈரத் துடைப்பு. சென்சரின் அகலத்துக்கு ஏற்ற துடைப்பான் வேண்டும்: முழுச்சட்டகத்துக்கு 24 மில்லிமீற்றர், ஏபிஎஸ்-சி வகைக்கு 16. தயாரிப்பாளர் ஏற்கும் திரவத்தில் இரண்டொரு துளி விட்டு, ஒரு முனையிலிருந்து மறு முனைக்கு ஒரே இழுப்பு. பின்னர் துடைப்பானின் மறுபக்கத்தால் திரும்பி வருதல். ஒருமுறை பயன்படுத்தியதை மீண்டும் பயன்படுத்தலாகாது. துடைப்பானில் சிக்கிய மணல் துகள் கண்ணாடியைக் கீறிவிடும்.

வருமுன் காப்பது இலகு. ஸ்டோருக்குள் நுழையுமுன்பே தேவையான லென்ஸைப் பூட்டிக்கொள்ளுங்கள். வெளிக் குளிரிலிருந்து உலர்த்தும் அறையின் வெப்பத்துக்குச் செல்லும்போது கமராவைப் பொலித்தீன் பைக்குள் கட்டி வையுங்கள். நீர்த்துளிகள் பையின் மேல் படியும்.

இரண்டு துடைப்பிலும் போகாத புள்ளியை மூன்றாவது முறை தேய்க்காமல், தேர்ந்த திருத்துநரிடம் கொடுங்கள். அதுவரை துவாரத்தை எஃப்/8 இலும் சிறிதாக்காமல் எடுங்கள். அவசரத்தில் கணினியில் எதையேனும் அழித்தால், அழித்தது எது என்பதை ஆசிரியருக்கு ஒரு வரி எழுதி, அசல் படத்தையும் சேர்த்து அனுப்புங்கள்.