எப்பத் தட்டுது?

மதுரை மாட்டுத்தாவணி பஸ் ஸ்டாண்டை ஒட்டிய தெருவில் பக்கத்து ஆளிடம் மணி கேட்பதற்கே இரண்டு தடவை கத்த வேண்டும். 'திருச்சி, திருச்சி' என்று ஒரு தொண்டை, 'பரமக்குடி, ராம்நாடு' என்று இன்னொரு தொண்டை, இடையில் ஏர் ஹாரன், காய்கறி மார்க்கெட்டுக்குப் பாயும் லோடு ஆட்டோ. இதற்கு நடுவே வேப்பமரத்தடிப் பட்டறையில் பாய் என்ற மெக்கானிக் ஒருவர் நீள ஸ்க்ரூ டிரைவரின் பிடியைக் காதோடு அழுத்தி, முனையை ஓடுகிற இன்ஜின் மேல் ஊன்றி, கண்ணை மூடிக்கொண்டு நிற்பார். பிறகு, "டாப்பெட் ரெண்டு லூசு. மத்தது சுத்தம்" என்பார். அம்பாசிடர் பெட்ரோல் இன்ஜினில் வால்வைத் திறக்கும் டாப்பெட்டின் இடைவெளி இருக்க வேண்டிய அளவு 0.015 அங்குலம். அது கொஞ்சம் கூடிப்போனதை இந்த இரைச்சலில் எப்படிக் கேட்டார்?

கேட்டுவிட்டேன். "வெளிச் சத்தம் காத்துல வருது சார். இது இரும்புல வருது. இரும்புல வர்றதுக்குக் காத்துச் சத்தம் குறுக்கயே நிக்காது" என்றார் பாய். நான் எந்தப் பள்ளியிலும் இவ்வளவு சுருக்கமாக ஒலியியல் படித்ததில்லை.

வண்டிக்காரர்கள் எல்லோரும் பட்டறைக்கு வந்ததும் முதலில் மிமிக்ரி செய்கிறார்கள். 'டிக் டிக்', 'டொக் டொக்', 'லொட லொட', 'கடகட'. ஒரு வங்கி அதிகாரி நடுத்தெருவில் உதட்டைக் குவித்துக்கொண்டு 'ணங்... ணங்' என்று செய்து காட்டியதைப் பார்த்திருக்கிறேன். பாய் மரியாதைக்குத் தலையாட்டிவிட்டு ஒரே கேள்விதான் கேட்பார்: "எப்பத் தட்டுது?"

காலையில் முதல் ஸ்டார்ட்டில் தட்டி, சூடு ஏறியதும் அடங்கினால், தேய்ந்த சிலிண்டருக்குள் பிஸ்டன் ஆடுகிறது. வருஷக்கணக்கில் அப்படியே ஓட்டலாம். சூடாகி ஆயில் நீர்த்த பிறகு, அடியிலிருந்து கனமாகத் தட்டினால் கனெக்டிங் ராடு பேரிங். அது கெட்ட செய்தி. மேலிருந்து மெல்லிய டிக் டிக் வந்தால் டாப்பெட். அதை இயக்கும் கேம் ஷாப்ட் கிராங்க்கின் பாதி வேகத்தில்தான் சுற்றும், ஆகவே அந்தச் சத்தமும் பாதித் தாளத்தில்தான் வரும். பழகிய காது இதை எண்ணாமலே பிரிக்கிறது. ஒவ்வொரு பிளக் ஒயராகக் கழற்றிப் பார்ப்பது அடுத்த கட்டம். எந்த ஒயரைப் பிடுங்கினால் தட்டல் அமுங்குகிறதோ, குற்றவாளி அந்த சிலிண்டரில் இருக்கிறான்.

மேட்டில் மட்டும் தட்டும் வகை ஒன்று உண்டு. வத்தலக்குண்டு தாண்டிக் கொடைக்கானல் மலை ஏறும்போது, கியரைக் குறைக்கச் சோம்பல்பட்டு ஆக்ஸிலேட்டரை மிதித்தால், கோலிக்குண்டுகளைத் தகர டப்பாவில் குலுக்கியதுபோல் ஒரு சத்தம் வரும். இங்கே எந்த உறுப்பும் லூசு இல்லை. பிளக்கில் பற்றிய தீ பரவி வந்து சேர்வதற்குள், மூலையில் மிச்சமிருக்கும் பெட்ரோல் கலவை அழுத்தத்திலும் சூட்டிலும் தானாகவே மொத்தமாக வெடித்துவிடுகிறது. அந்த அதிர்ச்சியில் சிலிண்டர் சுவர் ஒலிக்கிறது. பெட்ரோலில் மண்ணெண்ணெய் கலந்திருந்தாலும் இதே பாட்டுத்தான். மெக்கானிக் டெல்கோவின் கிளாம்பைத் தளர்த்தி, டைமிங்கைக் கொஞ்சம் பின்னுக்குத் திருப்பிக் கொடுப்பார்.

டெல்கோ என்று நம்மவர்கள் சொல்லும் டிஸ்ட்ரிபியூட்டரின் கதைக்கு நான் அடிக்கடி போய்விடுவேன். டெல்கோ, அமெரிக்காவில் சார்லஸ் கெட்டரிங் நடத்திய கம்பெனி. 1912 மாடல் காடிலாக் காருக்கு எலக்ட்ரிக் ஸ்டார்ட்டரும் பேட்டரி இக்னிஷனும் கொடுத்தவர் அவர். அந்தக் காலத்தில் இன்ஜின் தட்டினால், புதிதாக வந்தது எதுவோ அதன் தலையில் பழி விழுந்தது: எல்லாம் இந்தப் பேட்டரி இக்னிஷனால் வந்த வினை என்றார்கள். கெட்டரிங்குக்கு ரோஷம். 1916இல் தாமஸ் மிட்ஜ்லி என்ற இளைஞரிடம் இதைக் கண்டுபிடிக்கச் சொன்னார். மிட்ஜ்லி படித்தது மெக்கானிக்கல் இன்ஜினீயரிங், வேதியியல் அல்ல. அவரும் பாய் கேட்ட கேள்வியைத்தான் கேட்டார். சிலிண்டருக்குள் அழுத்தம் ஏறி இறங்குவதைக் கருவி வைத்துப் பதிவு செய்து பார்த்தால், தட்டல் நிகழ்வது ஸ்பார்க் விழுந்த பிறகு. இக்னிஷன் நிரபராதி, கோளாறு எரிபொருளில்.

அடுத்து நடந்ததுதான் எனக்குப் பிடித்த இடம். பனிக்காலம் முடியும் முன்பே பூத்துவிடும் ஒரு செடி அமெரிக்காவில் உண்டு, ட்ரெய்லிங் ஆர்பியூட்டஸ் என்று பெயர். அதன் இலையின் அடிப்புறம் சிவப்பு. சிவப்பாக இருப்பதால்தான் வெப்பத்தை உறிஞ்சி முந்திப் பூக்கிறது என்று இருவரும் நினைத்தார்கள். அப்படியானால் எரிபொருளைச் சிவப்பாக்கிவிட்டால்? தேடியபோது சிவப்புச் சாயம் கைக்குக் கிடைக்கவில்லை, கிடைத்தது அயோடின். ஊற்றினார்கள். தட்டல் நின்றது! பிறகு நிஜமான சிவப்புச் சாயங்களை வாங்கி ஊற்றினார்கள்; ஒன்றும் ஆகவில்லை. நிறமே இல்லாத அயோடின் சேர்மம் ஒன்றைப் போட்டார்கள். தட்டல் மறுபடி நின்றது. பூவுக்கும் சிவப்புக்கும் இதில் ஒரு சம்பந்தமும் இல்லை. தப்பான காரணம் ஒன்று சரியான கதவில் கொண்டுபோய் நிறுத்தியிருக்கிறது. விஞ்ஞானப் புத்தகங்கள் இம்மாதிரி அசட்டு அதிர்ஷ்டங்களை ஏன் முதல் பக்கத்தில் போடுவதில்லை என்று எனக்கு ஆதங்கம்.

அயோடின் விலை கட்டாது. மாற்றுத் தேடி என்னென்னவோ ஊற்றி, 1921 டிசம்பரில் டெட்ராஎத்தில் ஈயம் என்ற விஷத்தில் வந்து நின்றார்கள். 1924இல் அதைக் கையாண்ட தொழிலாளர்கள் சித்தம் கலங்கிச் செத்தார்கள். மிட்ஜ்லியோ பத்திரிகைக்காரர்கள் முன்னால் அதில் கையைக் கழுவிக் காட்டினார். பாய் கேட்டிருந்தால், "சத்தம் நின்னா சரியாப் போச்சா சார்?" என்றிருப்பார். நம் நாட்டில் ஈயம் கலந்த பெட்ரோல் 2000இல்தான் ஒழிந்தது. கடைசி நாடு அல்ஜீரியா, 2021இல்.

மதுரைக்கு இதில் ஒரு கிளைக்கதை உண்டு. இரண்டாம் உலகப் போரில் பெட்ரோல் ரேஷனானபோது, டி.வி.எஸ். கம்பெனி கரிவாயு பிளாண்ட் செய்து பஸ்களில் மாட்டியது. அடுப்புக்கரியை எரித்து வரும் வாயுவில் ஓடிய பஸ்கள். கரிவாயு லேசில் தட்டாது. ஆனால் இழுவையும் இருக்காது. தட்டாத இன்ஜின் எல்லாம் நல்ல இன்ஜின் என்று நினைப்பவர்கள் அந்தப் பஸ்ஸில் ஏறியவர்களிடம் கேட்டிருக்க வேண்டும்.

என் வண்டி எண்பதுகளின் அம்பாசிடர், 1489 சி.சி. போன கோடையில் ஐடிலில் ஒரு கனத்த டொக் டொக். பெரிய ஒர்க்‌ஷாப் ஒன்றில் போனட்டைத் திறந்த வேகத்தில், "கனெக்டிங் ராடு பிக் எண்ட் போயிருச்சு, இன்ஜினை இறக்கணும்" என்று எஸ்டிமேட் நீட்டினார்கள். பாயிடம் கொண்டுவந்தேன். டிப்ஸ்டிக்கைத் துடைத்துப் பார்த்தார். பிளக் ஒயர்களை ஒவ்வொன்றாகப் பிடுங்கினார். எதற்கும் சத்தம் மாறவில்லை. ஸ்க்ரூ டிரைவரைச் சம்ப்பிலிருந்து முன்பக்கமாக நகர்த்திக்கொண்டே வந்தார். டைமிங் கவரைத் தாண்டியதும் நின்றார். "தம்பி, பேன் பெல்ட்டக் கழட்டு." பையன் கழற்றினான். ஸ்டார்ட் செய்தால் இன்ஜின் பூனைக்குட்டி. வாட்டர் பம்ப் பேரிங் தேய்ந்து, அதோடு பேனும் ஆடியிருக்கிறது. பம்ப் மாற்றிச் சாயங்காலம் வண்டியை எடுத்தேன்.

இப்போது வரும் கார்களில், மேட்டில் வரும் அந்தத் தட்டலைக் கேட்கும் வேலையை நாக் சென்சார் என்ற சின்னப் படிகம் செய்கிறது. அது பிளாக்கில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டே இருக்கும்; தட்டல் தொடங்கியதும் கம்ப்யூட்டர் டைமிங்கைப் பின்னுக்குத் தள்ளிவிடும். ஓட்டுபவருக்கு எதுவும் தெரியாது. நல்ல ஏற்பாடுதான், எனக்குத்தான் பிடிக்கவில்லை. கெட்ட பெட்ரோல் போட்டவன் யார் என்று எனக்குத் தெரிய வேண்டாமா?

பழி போடும் வழக்கம் மட்டும் 1912இலேயே நிற்கிறது. இன்றைக்கு எந்தப் பழைய வண்டி தட்டினாலும் பெட்ரோலில் கலக்கும் 20 சதவீத எத்தனால்தான் காரணம் என்கிறார்கள். எத்தனாலுக்கு ஆக்டேன் அதிகம். அது தட்டலைக் குறைக்குமே தவிரக் கூட்டாது. பழைய ரப்பர் ஹோஸ்களை அது அரிப்பது உண்மை, அது வேறு வழக்கு.

உங்களிடமும் இப்படி ஒரு கிழட்டு வண்டி இருந்தால், இதை மட்டும் குறித்துக்கொள்ளுங்கள். சூடான பிறகு அடியிலிருந்து கனமாகத் தட்டி, ஆயில் விளக்கும் மினுக்கினால், அந்த இடத்திலேயே அணைத்துவிட்டுக் கயிறு கட்டி இழுத்து வாருங்கள். வீடு வரை ஓட்டிவிடலாம் என்று நினைத்தால் கிராங்க்கும் சேர்ந்து போகும். மற்றபடி யாராவது இன்ஜினை இறக்கச் சொன்னால், பேன் பெல்ட்டைக் கழற்றி ஒரு நிமிஷம் மட்டும் ஓடவிட்டுப் பார்த்தீர்களா என்று கேளுங்கள். பார்க்கவில்லை என்றால் வண்டியை வேறு பட்டறைக்கு எடுத்துப் போங்கள்.