பொறுமை என்னும் வெற்றி

வெற்றி யாது என்று மாணவர்கள் என்னை வினவும்போதெல்லாம் ஒரு டென்னிஸ் வீரரின் வாழ்க்கையே என் நினைவுக்கு வருகின்றது. தமிழாசிரியனுக்குப் பந்தாட்டத்தோடு என்ன உறவு என்று சிலர் நகைக்கலாம். ஆர்தர் ஆஷ் தம் இறுதி நாள்களில் அர்னால்டு ராம்பர்சாதுடன் இணைந்து எழுதிய தன்வரலாற்றைப் படித்தோர் நகையார்.

ஆஷ் 1943இல் அமெரிக்காவின் ரிச்மண்ட் நகரில் பிறந்தவர். கறுப்பின மக்களுக்கென ஒதுக்கப்பட்ட பூங்காவொன்றின் பராமரிப்பாளர் அவர் தந்தையார். வீடும் அப்பூங்காவினுள்ளேயே இருந்தது. ஆறு வயதில் தாயை இழந்த மகனுக்கு அத்தந்தை ஊட்டியவை கண்டிப்பும், நற்பெயரைக் காக்கும் கடப்பாடும் ஆகும்.

பயிற்சியளித்த மருத்துவர் ஜான்சனோ, எதிரியின் பந்து கோட்டுக்கு வெளியே இரண்டங்குலம் விழுந்தாலும் உள்ளே விழுந்ததாகவே கொள் என்று பணித்தார். ஒரு சிறு பூசல் எழுந்தாலும், அதனையே காரணம் காட்டிக் கறுப்பின இளைஞரைப் போட்டியிலிருந்து விலக்கிவிடக்கூடிய காலம் அது!

1968இல் ஆஷ் அமெரிக்க ஓப்பன் பட்டம் வென்றார். தொழில்முறை ஆட்டக்காரராக இல்லாமையால் 14,000 டாலர் பரிசு அவருக்குக் கிட்டவில்லை. அது தோற்றவருக்கே சென்றது. ஆயினும் பரிசளிப்பு விழாவில் கண்ணீர் மல்கி நின்ற தந்தையாரை அணைத்து நின்ற பேறு அவருக்குக் கிட்டியது. அதற்கு விலை உண்டோ?

1975இல் விம்பிள்டன் இறுதி ஆட்டம். எதிரே நின்றவர் தம்மினும் ஒன்பதாண்டு இளையவரான ஜிம்மி கானர்ஸ். வேகமாக வரும் பந்தை அதனினும் வேகமாகத் திருப்பும் ஆற்றலர். ஆஷ் வேகத்தைக் குறைத்து, மெல்லிய பந்துகளையே மிகுதியும் அனுப்பினார். இடைவேளைகளில் கண்மூடி அமர்ந்து உள்ளத்தை ஒருமுகப்படுத்தினார். விம்பிள்டன் ஒற்றையர் பட்டம் வென்ற முதல் கறுப்பின ஆடவர் என்னும் பெருமை அன்று அவரை வந்தடைந்தது.

ஆனால் மெய்யான சோதனை களத்திற்கு வெளியே காத்திருந்தது. 1983இல் இதய அறுவையின்போது ஏற்றப்பட்ட குருதி வழியே எய்ட்சுக் கிருமி உடலிற் புகுந்தது. 1988இல் அஃது அறியவந்தது. எனக்கு ஏன் இத்துன்பம் என்று இறைவனைக் கேட்பதாயின், நான் பெற்ற பேறுகளுக்கும் அவ்வாறே கேட்டிருத்தல் வேண்டுமன்றோ என்பது அவர் கருத்து. வள்ளுவர் 'இடுக்கண் அழியாமை' என்றது இதனையே. நாம் சபூர் என்றும் ஷுக்ரு என்றும் இரண்டாகப் பிரித்துச் சொல்லும் பண்புகள் அவ்வுள்ளத்தில் ஒன்றாய் நின்றன.

பொறுமை என்பது அடிமைத்தனம் ஆகாதா என்று கூரிய மாணவரொருவர் வகுப்பில் கேட்டார். நல்ல வினா. ஆஷ் தம் நோயினும் நிறவேற்றுமையே பெருஞ்சுமை என்று வெளிப்படையாகவே கூறியவர். தென்னாப்பிரிக்க நிறவெறியை எதிர்த்து 1985இல் வாஷிங்டனில் கைதானவர். 1992 செப்டம்பரில், நோய் முற்றிய நிலையிலும், ஹெயிட்டி நாட்டு அகதிகளுக்காக வெள்ளை மாளிகை முன் நின்று மீண்டும் கைதானார். எஞ்சியிருந்தவை ஐந்தே திங்கள். சினத்தை அடக்கியவர் நீதியை அடக்கினாரல்லர். சினமின்றி எழுந்த குரலாதலின், மாற்றாரும் அதனைச் செவிமடுக்க நேர்ந்தது.

அந்நூலின் இறுதிப் பகுதி ஆறு வயது மகளுக்கு எழுதிய மடல். தாயை இழந்தபோது அவருக்கிருந்த அதே வயது! அடிமையாய்க் கொணரப்பட்ட மூதாட்டியிலிருந்து கிளைத்த குடும்ப மரத்தை அம்மடலில் மகளுக்கு நினைவூட்டுகின்றார். கோப்பைகளினும் குலத்தின் நினைவே மகளுக்குத் துணையாகும் என்று அத்தந்தை எண்ணியிருத்தல் வேண்டும். 1993 பிப்ரவரி 6ஆம் நாள் அவர் மறைந்தார்.

சேர்க்கை நாளில் பிள்ளைகளை அழைத்துவரும் பெற்றோர் பலர் மதிப்பெண்ணையே பேசுகின்றனர். பிள்ளையின் பண்பைப் பேசுவோர் சிலரே. மதிப்பெண் பட்டியலைக் கல்லூரி தரும். தோல்வியைத் தாங்கும் நெஞ்சை வீடுதான் தரவேண்டும். நம் இளைஞர் சினத்தை வென்று நீதியை உரைக்கும் நாவுடையவராகத் திகழ வல்ல இறைவன் அருள்புரிவானாக!