கற்காதவர் ஒன்பது பேர்

மொழியியலில் முதுகலை முடித்துவிட்டு உளவியல் ஆய்வகத்துக்குள் நுழைந்த என்னை முதலில் உறுத்தியது ஒரு சொல்: ‘கற்காதவர்’.

அச்சம் எவ்வாறு கற்கப்படுகிறது என்பதை அறியும் சோதனை எளியது. திரையில் இரண்டு வண்ணச் சதுரங்கள் மாறிமாறித் தோன்றும். ஒன்றைத் தொடர்ந்து மணிக்கட்டில் சிறு மின்னதிர்ச்சி வரும், மற்றதற்கு வராது. விரல்களில் பொருத்திய மின்முனைகள் தோலின் மின்கடத்தல் மாறுவதைப் பதிவு செய்யும். அதிர்ச்சிக்குரிய சதுரத்தைக் கண்டதும் அளவு கூடினால், அவர் அச்சத்தைக் கற்றவர். கூடாதவர் ‘கற்காதவர்’, அவரைக் கணக்கிலிருந்து நீக்கிவிடுவது இத்துறையில் பரவலான வழக்கம்.

எவ்வளவு கூடினால் அதை எதிர்வினை என்று கொள்வது? 0.02 மைக்ரோசீமென்ஸ் போதும் என்பர் சிலர், 0.05 வேண்டும் என்பர் வேறு சிலர். இந்த நீக்க விதிகள் ஆய்வுக்கு ஆய்வு எவ்வளவு வேறுபடுகின்றன என்பதை டினா லோன்ஸ்டார்ஃப் குழுவினர் 2019-இல் ‘ஈலைஃப்’ இதழில் விரிவாகக் காட்டினர்.

என் முதல் சோதனையில் 48 பேர் பங்கேற்றனர். அனைவரையும் சேர்த்துக் கணக்கிட்டபோது நான் எதிர்பார்த்த வேறுபாடு இல்லை. ஒரு வரம்பை வைத்து 9 பேரை நீக்கியதும் அது பளிச்செனத் தெரிந்தது. அன்றிரவு நான் அடைந்த மகிழ்ச்சியை மறைக்க விரும்பவில்லை. அந்த வரம்பு என் கற்பனையன்று. அச்சேறிய கட்டுரைகளில் உள்ளதுதான். ஆனால் முடிவைப் பார்த்த பிறகே அதைத் தேர்ந்தேன் என்பது எனக்கு மட்டுமே தெரியும்.

அந்த வாரம்தான் ஒரு பழைய ஆய்வின் கதையைப் படித்தேன். அச்ச நினைவை ஒருமுறை தூண்டி, குறித்த காலத்துக்குள் அதைத் தணிக்கும் பயிற்சி அளித்தால் அச்சம் மீள்வதில்லை என்று 2010-இல் ‘நேச்சர்’ இதழில் ஓர் ஆய்வு வெளிவந்து பெரும்புகழ் பெற்றது. 2020-இல் பெல்ஜியத்தின் லூவன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள், திட்டத்தை முன்னரே பதிவு செய்துகொண்டு அதை மீண்டும் நடத்தினர், அவ்விளைவு கிட்டவில்லை. மூலத் தரவையும் அவர்கள் மறுபடி கணக்கிட்டனர். கட்டுரையில் சொல்லப்படாத நீக்கங்களைச் சார்ந்தே பழைய முடிவு நின்றிருந்தது.

நான் அந்த 9 பேரின் பதிவுகளை ஒவ்வொன்றாகத் திறந்தேன். அவர்களுள் ஒருவர் சோதனைக்குப் பிந்தைய வினாத்தாளில், ‘நீலச் சதுரம் வந்தாலே பயமாக இருந்தது’ என்று இந்தியில் எழுதியிருந்தார். அவருடைய தோல் சொல்லாததை அவரே சொல்லியிருக்கிறார். நாங்கள் சூட்டிய பெயர்தான் அவரைக் கற்காதவர் ஆக்கியது.

இதைப் பேராசிரியரிடம் சொல்ல மூன்று நாள் ஆயிற்று. அச்சம் பிறக்கும் இடங்களாக அணங்கு, விலங்கு, கள்வர், இறை என நான்கைச் சொல்வார் தொல்காப்பியர். முதல் மூன்றும் எங்கள் ஆய்வகத்தில் இல்லை, நான்காவது உண்டு.

அவர் முழுவதும் கேட்டுவிட்டு, “என்ன எழுதப் போகிறீர்கள்?” என்றார்.

“இரண்டு கணக்கையும் எழுதுகிறேன், மேடம். 9 பேரோடு ஒன்று, இல்லாமல் ஒன்று.”

“நாம் நினைத்த இதழ் இதை ஏற்காது.”

“தெரியும், மேடம்.”

“சரி, எழுதுங்கள்.”

இரண்டாம் சோதனைக்கான பங்கேற்பாளர் எண்ணிக்கை, நீக்க வரம்பு, கணக்கிடும் முறை ஆகிய மூன்றையும் ‘ஓப்பன் சயின்ஸ் ஃபிரேம்வொர்க்’ தளத்தில் நேற்றுப் பதிவு செய்துவிட்டேன். பங்கேற்பாளரின் ஒப்புதலோடு, பெயர் நீக்கிய தரவும் பின்னர் அங்கே வைக்கப்படும். என் பிழையை இனி எவரும் கண்டுபிடிக்கலாம் என்னும் நினைப்பு நேற்றிரவு என்னை உறங்கவிடவில்லை. ஆயினும் அந்த வரம்பை இனி நானும் மாற்ற முடியாது.

நாளைக் காலை பத்து மணிக்கு முதல் பங்கேற்பாளர் வருகிறார். முடிவு எதுவாயினும் அதையும் இங்கே எழுதுவேன்.