புள்ளியும் இழையும்

தமிழ்ச் சிறப்பு வகுப்பு மாணாக்கராகிய யாம் கணினி வரைகலையை விருப்பப் பாடமாக எடுத்துக்கொண்டோம் என்றறிந்த நண்பர் பலர் நகைத்தனர். நன்னூலுக்கும் அதற்கும் என்ன உறவு என்பது அவர்தம் வினா. உறவு உண்டென யாம் கண்டவாற்றை ஈண்டு எழுதத் துணிந்தோம்.

கணினித் திரையிற் கோடு என்பதொன்று உண்மையில் இல்லை. கட்டங்களில் நிறுத்திய புள்ளிகளே உண்டு. பிக்சல் என்பர் அவற்றை. மெய்யெழுத்துப் புள்ளி பெறும் எனத் தொல்காப்பியம் ஓதக் கேட்ட எமக்குப் புள்ளி அயலதாகத் தோன்றவில்லை. ஆயினும் எப்புள்ளிகளை ஒளிரச் செய்தாற் சாய்ந்த கோடு நேராகத் தோன்றும்? ஐ.பி.எம். நிறுவனத்திற் பணியாற்றிய ஜாக் பிரெசன்ஹாம் என்பார் 1962இல் இதற்கு ஒரு முறை வகுத்தார். வலப்புறம் ஐந்து கட்டமும் மேல்நோக்கி இரண்டு கட்டமும் செல்லும் கோடொன்றைக் கட்டத்தாளில் யாம் கையாலேயே இட்டுப் பார்த்தோம். அடிதோறும் வலப்புறம் ஒன்று நகர்தல் உறுதி. ஏறுவதா, அம்மட்டத்திலேயே செல்வதா என்பதே கேள்வி. அதனை ஓர் எண் தீர்க்கின்றது. −1இல் தொடங்குக, எண் சுழிக்குக் குறைந்ததாயின் ஏறாது சென்று 4 கூட்டுக, அன்றேல் ஏறி 6 கழிக்க. உயரம் 0, 0, 1, 1, 2, 2 என அமைகின்றது. பின்னமுமில்லை, வகுத்தலுமில்லை. அம்பத்தூர்த் தொழிற்பேட்டைப் பட்டறையொன்றிற் பணிபுரியும் எம் தந்தையார் அத்தாளை நோக்கி, "எங்கள் சி.என்.சி. எந்திரமும் சாய்வாக வெட்டும்போது சின்னச் சின்ன அடியாகத்தான் நடக்கிறது" என்றார். ஆசிரியர் ஒரு மணி நேரம் விளக்கியது அவருக்கு ஒரு பார்வையிற் புலனாயிற்று!

இதனினும் எம்மை வியப்பில் ஆழ்த்தியது வேறொன்று. 1974இல் கணினி வரைகலை பற்றிய பன்னாட்டு ஆய்விதழொன்றிற் கோலத்தைக் குறித்த கட்டுரை வெளிவந்தது. எழுதியோர் கிப்ட் சிரோமணி, ராணி சிரோமணி, கமலா கிருத்திவாசன் ஆகிய மூவர். சிரோமணி இணையர் தாம்பரத்துச் சென்னைக் கிறித்தவக் கல்லூரிப் பேராசிரியர்களாக இருந்தனர். சில விதிகளாற் கணக்கற்ற வாக்கியங்கள் பிறக்குமாற்றை நோம் சாம்ஸ்கி காட்டியிருந்தார். அவ்விதிகளை வரிசையும் நிரலும் உடைய படங்களுக்கும் உரியனவாக விரித்துக் கோலத்துக்கு இலக்கணம் கண்டனர் இவர்கள். இலக்கணம் என்னுஞ் சொல்லை அவ்வகுப்பிற் கேட்டபோது எமக்குண்டான களிப்பைத் தமிழ் வகுப்பினர் அறிவர்.

எம் இல்லத்திற் கோலமிடும் வழக்கம் இல்லை. எதிர்வீட்டுப் பாட்டியாரோ மார்கழி முழுதும் ஒருநாள் இட்டதை மறுநாள் இடாதவர். ஈராண்டாக விரல் நடுங்குகின்றது, மாவிழை சிதறுகின்றது. கோல நோட்டு என்று அவர் ஒன்றும் வைத்திருந்ததில்லை. வருகின்ற தையில் அவர்தம் மக்கள் ஆவடியில் உள்ள அடுக்குமாடி வீட்டுக்கு அவரை அழைத்துச் செல்ல இருக்கின்றனர். அங்கு வாயில் என்பது ஒடுங்கிய நடையே. ஆகவே மாலைதோறும் அவர் சொல்ல யாம் எழுதலானோம்.

ஏழு புள்ளி, நேர்ப்புள்ளி, ஒன்றில் நிறுத்தம்: ஆக 25 புள்ளிகள். அடுத்தடுத்த இரு புள்ளிகளின் இடையே இழை குறுக்கிட்டுக் கடக்கின்றதா, திரும்பிவிடுகின்றதா என ஒவ்வோரிடத்தும் வினவினோம். 36 இடங்கள், 36 விடைகள். அவற்றைக் கொண்டு கணினி சிக்குக் கோலத்தைத் திரையில் இட்டது. பாட்டியார் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு நெடுநேரம் நோக்கினார்.

"இழை நன்றாயிருக்கிறது, கண்ணு. எங்கே எடுத்தாய், எங்கே முடித்தாய்?"

திரை மேலிருந்து கீழாக வரிவரியாகவே படத்தை நிரப்புகின்றது. எடுப்பும் முடிப்பும் அதற்கில்லை. பாடநூல் அதனைக் குறையென்று கூறவில்லை. பாட்டியார்க்கு அதுவே குறை. இழை அவர்தம் விரல் சென்ற வழியே, புள்ளியைத் தீண்டாது வளைந்து, தொடங்கிய இடத்திற் சென்று கூடுமாறு நிரலை மீண்டும் எழுதினோம். அதுகண்டு அவர் சுட்டுவிரலை மடிமீது மெல்ல அசைத்துக்கொண்டே உடன் சென்றார்.

இதுவரை ஒன்பது கோலங்கள் எழுதியாயிற்று. பத்தொன்பது புள்ளிக் கோலம் ஒன்று எஞ்சியுள்ளது. தம் அன்னையார் இட்டது என்கின்றார். அதற்கு 181 புள்ளிகள், 324 இடங்கள். நடுப்பகுதி அவர் நினைவில் இருக்கின்றது. ஓரங்கள் இன்னும் வந்தில. தைக்கு இன்னும் ஆறு கிழமைகள் உள்ளன.