துப்பாக்கிக்கு இன்னொரு பிடி வேண்டுமா?

(இரண்டாம் ஆண்டு பி.எஸ்ஸி., இயற்பியல்)

துப்பாக்கிக் குழலின் கீழே செங்குத்தாக ஒரு முன்பிடி பொருத்தினால் குறி தப்பாது என்பது தேசிய மாணவர் படையிலுள்ள என் நண்பர்கள் பலரின் எண்ணம். சினிமா தந்த ஆசை அது!

தானியங்கித் துப்பாக்கி தொடர்ந்து சுடுகையில் முனை மேலெழும். அதைத் தோளோடு இழுத்து அடக்க முன்பிடி உதவும் என்பது மெய்யே. நாம் பயிற்சியில் சுடுவதோ .22 துப்பாக்கி. ஒவ்வொரு குண்டாகச் சுடுவது, உதைப்பும் சிறிது. குப்புறப் படுத்துச் சுடுகையில் நீண்ட பிடி தரையில் இடிக்கும். இடது முழங்கையைத் துப்பாக்கிக்கு நேர்கீழே ஊன்றினால் எலும்பே தூணாகிறது. பிறகு மூச்சை அடக்கி விசையை மெல்ல அழுத்தப் பழகவேண்டும்.

மண்வெட்டிக்குக் காம்பு போடுமுன் என் தந்தையார் ஆளின் உயரத்தையும் வேலையையும் கேட்பார். எங்கள் மண்டகப்பட்டில் செங்கல், மரம், உலோகம், சுதை இன்றியே கோயில் குடைந்ததை, 7-ஆம் நூற்றாண்டு மகேந்திரவர்மன் கல்வெட்டிலேயே பொறித்து வைத்தான்.

எங்கள் வீட்டில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள் நான். 'பி' சான்றிதழ் எனக்கு வேலைக்கு ஒரு படி. இல்லாத கருவிக்கு ஏங்க நேரமேது? நண்பர்களே, இருக்கும் துப்பாக்கியில் கையைப் பழக்குவோம்!